உடனுண்ணி

நிழல் மீன் மட்டிச் சதையைக் கொத்திக் கொத்தித் தின்றது. நிஜ மீன் தொட்டியின் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"உனக்கு இன்னும் என்னளா வேணும்?" என்று கேட்டாள் செலஸ்தீனா. மீன் வாலை ஒருமுறை அசைத்ததோடு சரி.

தூத்துக்குடியில் கடலோரத்து வீடு ஒவ்வொன்றிலும் இப்போது ஒரு கடல்மீன் உண்டு. கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்தபோது, எஞ்சியிருந்த மீன்களைப் பிடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, தண்ணீர் குளிரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது மீன்வளத் துறை. செலஸ்தீனாவுக்கு வாய்த்தது ஒரு வண்ணத்துப்பூச்சி மீன். மஞ்சள் பட்டை, நீண்ட மூக்கு, மாமியார் வீட்டுக்கு விருந்து வந்த மருமகனைப் போல எதைக் கொடுத்தாலும் ஒரு குறை. கூனி இறாலை முகர்ந்து பார்த்து விலகும். புழுவை வாயில் வாங்கித் துப்பும். மட்டியின் ஓட்டைத் திறந்து பாறையிடுக்கில் செருகி வைத்தால் மட்டும், மனமிருந்தால், ஒரு கொத்து.

பாறையில் கூட்டமாக மேய்ந்த மீனுக்குத் தனியாகச் சாப்பிடத் தெரியாது. அதற்காகச் செய்யப்பட்டதுதான் உடனுண்ணி. தொட்டியின் அடியில் தீப்பெட்டி அளவில் கிடக்கும் அந்தக் கருவி, தண்ணீருக்குள் ஒளியாலேயே இன்னொரு மீனை வரைந்து காட்டும். அதன் வாலசைவுக்கு ஏற்ப நீரில் மெல்லிய அதிர்வையும் எழுப்பும். நிழல் சாப்பிடுவதைப் பார்த்து நிஜமும் சாப்பிடும். ஆறு மாதமாக அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இப்போது சில நாட்களாக அந்த நிழலையும் அது சட்டை செய்வதில்லை.

வயிறு ஒட்டிப்போயிருந்தது. இன்னும் மெலிந்தால் துறைக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வேறு மீன் தரமாட்டார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவள் அவள். கணவன் கல்லறைத் தோட்டத்தில், மகள் நார்வேயில். வீட்டில் அவளைத் தவிர உயிரோடு அசைவது அந்த மீன் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் மகள் பெனிட்டா வருவாள். மேசைக்கு எதிர்ச்சுவர் ஒளிரும். அங்கே அவள் மேசையும் இங்கே இவள் மேசையும் ஒரே மேசையாகிவிடும்.

"எம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"கொடுவா. பண்ணை மீனுதான்."

"பாக்கவே நல்லா இருக்கு. நீ மொதல்ல சாப்புடும்மா."

மகள் ஒரு வாய் வைத்தால் இவளும் ஒரு வாய் வைப்பாள். கணவன் போன பிறகு சமையலறைப் பக்கமே போகாமல், ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்று எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தவள் செலஸ்தீனா. பெனிட்டாதான் இந்தச் சுவரை வாங்கி அனுப்பி, தவறாமல் எதிரில் வந்து உட்கார்ந்து, அவளைத் தேற்றிக் கொண்டுவந்தாள். வேலை இருந்தாலும் வருவாள், காய்ச்சல் என்றாலும் வருவாள். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் உடனுண்ணி நிறுவனத்திலிருந்து சிவநேசன் என்பவன் வந்தான். கருவியைக் கழற்றித் துடைத்து மாட்டினான்.

"இதுல ஒரு குறையும் இல்லம்மா. வேணும்னா நிழலுக்கு வேற நிறம் போட்டுப் பாக்கலாம்."

"நெறம் இல்ல தம்பி. நான் நாள் முழுக்க இதத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன். உங்க மீனு திங்குது, ஆனா மட்டி கொறையல. எத்தன கொத்து கொத்துனாலும் வச்சது வச்ச மாதிரியே கெடக்கு. இது அதப் பாத்துட்டுல்லா வெலகி நிக்கி. கூட இருந்து சாப்புடுதது நம்ம பங்குல கொஞ்சமாச்சும் கை வைக்கணும்லா? அப்பதான நமக்கும் பசிக்கும்."

சிவநேசன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "இன்னும் கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்கம்மா."

கேட்பதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்டையே எடுத்துக்க. மீன் தலை வீட்டு ஆம்பளைக்குன்னுதான் எங்க பக்கத்து வழக்கம். எங்க வீட்டுக்காரர் எனக்கு விட்டுக் குடுத்துருவாரு. அவ்வளவுதான், எனக்கும் எம்மவளுக்கும் அடிதடி. என் தட்டுலேருந்தே புடுங்குவா. 'எப்பவும் பெரிய பங்கு ஒனக்குத்தான்'னு மூஞ்சத் தூக்கி வச்சுக்குவா. அந்தக் கோவத்துலயே ரெண்டு பேரும் ஒரு சட்டி சோத்தக் காலி பண்ணிருவோம்."

"இப்பமும் சண்டை உண்டா?"

"இப்ப எங்க சண்டை. நீ சாப்புடும்மா, நீ சாப்புடும்மான்னுதான்..."

அவள் பார்வை மேசைக்கு எதிரே அணைந்து கிடந்த சுவருக்குப் போனது. சிவநேசன் அவள் முகத்தைப் பார்க்காமல் திருகாணியை முறுக்க ஆரம்பித்தான்.

"தம்பி, உங்க கம்பெனி மனுசங்களுக்கும் இதச் செய்யுதா?"

"செய்யுதும்மா. வெளிநாட்டுல இருக்க பிள்ளைங்க, தனியா இருக்க பெத்தவங்களுக்காக வாங்குறாங்க. யார் வீட்டுல இருக்குன்னு மட்டும் எங்களச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க." வாசல்வரை போனவன் திரும்பி நின்றான். "நீங்க சொன்னத மேல அனுப்புறேன். மீனுக்கு நல்லது நடக்கும்."

அன்றிரவு அவள் கொடுவாத் தலையைத் தட்டின் ஓரமாக வைத்து, சுவர்ப்பக்கம் தள்ளினாள். "இந்தா, ஒனக்குத்தான்."

"வேண்டாம்மா, நீ சாப்புடு," என்று சிரித்தாள் பெனிட்டா.

பெனிட்டாவின் கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது. அந்தத் தட்டில் சோறு குறைகிறதா என்று பார்க்க இத்தனை நாளில் செலஸ்தீனாவுக்குத் தோன்றியதே இல்லை. இன்று பார்த்தாள். பிறகு எழுந்து கை கழுவிவிட்டாள்.

அடுத்து வந்த இரவுகளிலும் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் நார்வே எண்ணை அழைத்துவிட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்தாள். 'என்னம்மா, பேசி எவ்வளவு நாளாச்சு' என்று நிஜமான பெனிட்டா கேட்டுவிட்டால் அதற்கப்புறம் அவளுக்கு எதுவும் இல்லை. மீனும் அவளும் ஒன்றாக இளைத்தார்கள். அழக்கூட யாரையாவது எதிரில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் தொட்டி முன் உட்கார்ந்து அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் உடனுண்ணிக்குப் புதிய நிரல் வந்து இறங்கியது. கூடவே, பாறையிடுக்கில் பொருத்திக்கொள்ள ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலும் வந்தது.

மத்தியானம் மட்டியை வைத்தாள். நிழல் மீன் வழக்கம்போல அடக்கமாக வரவில்லை. முதுகு முட்களை விறைப்பாக்கிக்கொண்டு பாய்ந்து வந்து, வாலின் அதிர்வால் நிஜ மீனை ஒதுக்கிவிட்டு மட்டியை ஒரு கடி கடித்தது. அதே நொடியில் குழல் அந்தத் துண்டை உறிஞ்சிக்கொள்ள, மட்டியில் ஒரு பள்ளம் விழுந்தது. நிஜ மீன் திகைத்துப் பார்த்தது. நிழல் இரண்டாவது கடிக்கு வாயைத் திறப்பதற்குள் நிஜம் தன் முதுகு முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து, இருந்ததையெல்லாம் கொத்தி விழுங்கி, வெறும் ஓட்டையும் இரண்டு முறை முட்டிவிட்டுத்தான் நகர்ந்தது.

"ஏமாந்துட்டியாளா," என்று செலஸ்தீனா கைகொட்டிச் சிரித்தாள். மீன் பிழைத்துக்கொள்ளும். அந்தத் தெம்பில் வெகுநாளைக்குப் பிறகு உருப்படியாகக் குழம்பு வைத்தாள்.

இரவு சுவர் ஒளிர்ந்தது. பெனிட்டா உட்கார்ந்தாள். என்ன குழம்பு என்று கேட்கவில்லை. தாயின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைய நீயே வச்சுக்கிட்டியாக்கும்?"

செலஸ்தீனா நிமிர்ந்தாள்.

"எப்பவும் பெரிய பங்கு ஒனக்குத்தான்," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் பெனிட்டா.

சிவநேசனிடம் அவள் சொன்னது, சொல்லுக்குச் சொல் அப்படியே வந்திருந்தது. மகளைப் பற்றித் தன்னிடம் மட்டும் மிச்சமிருந்த ஒன்றைத் தானே எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டது அவளுக்குப் புரிந்தது. எழுந்து போய்ச் சுவரை அணைத்திருக்கலாம். ஆனால் அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தோடு பசியும் வந்தது.

"அங்கன போய் உக்காந்துக்கிட்டு தலை கேக்கியோ? தர மாட்டேன் போ."

"குடும்மா."

"மாட்டேன்."

தட்டை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு சாப்பிட்டாள். எதிரில் பெனிட்டா முறைத்தபடி வேகவேகமாகச் சாப்பிட்டாள். மீன் ஏமாந்துவிட்டது என்று மத்தியானம் சிரித்ததை நினைத்தபோது செலஸ்தீனாவுக்கு வெட்கமாக இருந்தது. அது ஏமாந்திருக்காது, தெரிந்தேதான் தின்றிருக்கும் என்று இப்போது தோன்றியது. அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.