மேல் உடம்பில் காயம்

காலை எட்டு மணிக்கே மாமியார் ஸ்டெஃபா ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னைக்கு இந்தச் சட்டை பெரிய நகரத்துல, இருபதாயிரம் பேர் முன்னாடி ஏறியிருக்கணும். இங்க, இந்தத் தகரக் கொட்டகையில ஏறுது. எல்லாம் சில பேரோட புண்ணியம்."

சில பேர் என்றால் மருமகள் மார்த்தா. அவள் அடுப்படியில் நின்று, உருளைக்கிழங்கு வைத்து மடித்த பெரோகிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். விருந்துக்கு நூறு பேருக்கு மேல் வருகிறார்கள். ஒன்பது வருடமாக மாமியாரிடம் கேட்கிற அதே பாட்டுதான். இன்று விசேஷம் என்பதால் சுருதி கொஞ்சம் கூடியிருந்தது.

விசேஷம் என்னவென்றால், மார்த்தாவின் கணவன் தாராஸ் ஐஸ் ஹாக்கி ஆடியபோது போட்டிருந்த ஆறாம் எண் சட்டையை ஊர்ப் பனிக்களத்தின் கூரையில் தொங்கவிடப் போகிறார்கள். இனி அந்த ஊர் அணியில் யாரும் அந்த எண்ணைப் போட முடியாதாம். சஸ்காச்சுவான் மாகாணத்து மூலையில் கிடக்கும் இந்த க்ரேலிங்கில் பள்ளிக்கூடக் கூரை ஆறு வருடமாக ஒழுகுகிறது. அதற்கு ஒரு ஏணி சாத்த ஆளில்லை. சட்டைக்கு மட்டும் மூன்றே மாதத்தில் கமிட்டி, கயிறு, கப்பி, சிவப்புக் கம்பளம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஹாக்கி என்று வந்துவிட்டால் இந்த ஊருக்குப் புத்தி வேலை செய்யாது என்பது மார்த்தாவின் தீர்மானமான அபிப்பிராயம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தாராஸ் பதினோரு வருடம் பெரிய லீக்கில் தடுப்பாட்டக்காரனாக இருந்தவன். கோல் போட்டுக் கை தூக்குகிற வேலை அவனுக்கில்லை. எதிராளி அடிக்கிற ரப்பர் வட்டுக்குக் குறுக்கே விழுவது, பாய்ந்து வருகிறவனைச் சுவரோடு சேர்த்து நசுக்குவது, தானும் நசுங்குவது... இதுதான் உத்தியோகம். ஒன்பது வருடத்துக்கு முன்னால், சீசன் பாதியில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினான். பெண்டாட்டிக்கு நகரம் பிடிக்கவில்லை, அழுது ஆர்ப்பாட்டம் செய்து இழுத்து வந்துவிட்டாள் என்று ஊர் பேசியது. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. வேறு என்ன வேலை அதற்கு?

சாப்பாட்டு மேஜையில் தாராஸ், அவன் தம்பி ரோமன், மகள் லாரிசா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ரோமன் ஊர் அணிக்குக் கோச். கோச் என்பதால் உலகத்து விஷயம் எல்லாம் அவனுக்குத் தெரியும். லாரிசாவுக்குப் பத்தொன்பது வயது. அவளும் அப்பாவைப் போலத் தடுப்பாட்டக்காரி. பல்கலைக்கழக அணியில் ஒரு பெண் முழங்கால் போய் விலகியதால் அந்த இடம் லாரிசாவுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

"லாரிசா, போன அன்னைக்கே கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வைப்பாங்க" என்றான் ரோமன், வாய் நிறைய பெரோகியோடு. "வார்த்தை காட்டுவாங்க, படம் காட்டுவாங்க, எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு கேப்பாங்க. கெட்டிக்காரியாக் காட்டிக்காத. பாதியத் தப்பாப் போடு."

"ஏன் சித்தப்பா?"

"நாளைக்குத் தலையில அடிபட்டா அதே சோதனைய மறுபடி வைப்பாங்க. மொதல்ல எடுத்த மார்க்கு வந்தாத்தான் ஆட விடுவாங்க. மொதல்லயே கம்மியா எடுத்து வச்சுட்டா, மண்டை குழம்பினாலும் அதே மார்க்கு வந்துடும். உங்கப்பன் இதுல மன்னன். பதினோரு வருஷமும் மக்கு மார்க்குதான்."

எல்லோரும் சிரித்தார்கள். தாராஸும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் மார்த்தாவால் பொறுக்க முடியவில்லை.

"அப்படிச் செய்யக் கூடாது லாரிசா" என்றாள் அடுப்படியிலிருந்தே.

"ஒருத்தன் பொழப்பக் கெடுத்தாச்சு" என்றாள் ஸ்டெஃபா. "இப்ப பொண்ணு பொழப்பா?"

"அண்ணி, உங்களுக்கு ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும்? பெரோகி ஒட்டிக்கப் போகுது, அதப் பாருங்க" என்றான் ரோமன்.

லாரிசா திரும்பினாள். "நீ இதுல பேசாதம்மா. எந்தக் களம்னு அப்பாகிட்டத் தப்பாச் சொல்லி அனுப்பி, பத்து வயசுல என்னைப் பூட்டின வாசல்ல நிக்க வச்சவ நீ. ரெண்டு கால்விரல் இன்னிக்கும் மரத்துத்தான் கெடக்கு. இப்ப என் தலையைப் பத்தி என்ன திடீர் அக்கறை?"

மார்த்தா தாராஸைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கதையின் நிஜம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த வருடம் தாராஸுக்குத் தலையில் மூன்றாவது முறை அடிபட்டிருந்தது. அணி வழக்கம்போல 'மேல் உடம்பில் காயம்' என்று அறிவித்தது. இடுப்புக்கு மேலே எது உடைந்தாலும் அவர்களுக்கு இதே மூன்று வார்த்தைதான். எங்கே வலி என்று சொன்னால் எதிராளி அங்கேயே அடிப்பானாம்! அவன் பழைய மக்கு மார்க்கை மறுபடி எடுத்து, நான்காம் நாளே களத்தில் இறங்கினான். ஒரு சனிக்கிழமை மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப் போனவன், வேறு ஏதோ ஒரு பனிக்களத்தின் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். அந்தக் களம் அன்று பூட்டிக் கிடந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. மார்த்தா உலுக்கிக் கேட்டபோது, யாரை விட்டேன், எங்கே விட்டேன் என்று அவளையே திருப்பிக் கேட்டான்.

மறுநாள் அவள் சொன்னாள், ஆட்டத்தை விடாவிட்டால் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று. அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். 'சித்தம் கலங்கினவன்னு பேர் வேண்டாம் மார்த்தா... உனக்காக விட்டேன்னு இருக்கட்டும்.' அவள் சரி என்றாள். அந்த வயதில் அவளுக்கும் புத்தி அவ்வளவுதான். மகளிடம் அவன் சொன்ன பொய்யையும் சேர்த்தே விழுங்கினாள்.

படுக்கையறையில் தாராஸ் டை கட்டிக்கொண்டிருந்தபோது மார்த்தா கதவைச் சாத்தினாள்.

"ஒன்பது வருஷத்துல உங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். அவகிட்டச் சொல்லு."

"இன்னைக்கா? இன்னைக்குப் போய்... விழா முடியட்டும். அப்புறம் பக்குவமாச் சொல்றேன்."

"ஒனக்கு அப்புறம்னா என்னன்னு எனக்குத் தெரியும். திங்கக்கிழமை அவ போய் உக்காந்து தப்புத் தப்பா எழுதப் போறா. நான் சொன்னா நம்ப மாட்டா, பழியத் தள்ளிவிடறேம்பா. நீதான் சொல்லணும்."

"அவ என்னைப் பத்தி என்ன நெனைப்பா?"

மார்த்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "நூறு கிலோ ஆளு பாஞ்சு வந்தா குறுக்க விழுவ. ஒம் பொண்ணு முன்னாடி ஒரு வார்த்தை சொல்ல இந்த நடுக்கம். நீயெல்லாம் என்னத்தத் தடுத்தே தாராஸ்?"

அவன் டை முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டான்.

"கம்பளத்துல ஒம் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

மதியம் இரண்டு மணிக்குக் களம் நிரம்பியிருந்தது. பனியின் நடுவே சிவப்புக் கம்பளம். அதில் தாராஸ், ஸ்டெஃபா, ரோமன், லாரிசா. மனைவி நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மார்த்தா மாடி வரிசையில், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். "இன்னைக்குக்கூட வந்து நிக்க மனசில்ல பாரு" என்றாள் ஒருத்தி, காதில் விழட்டும் என்றே. அந்த மூஞ்சிகளுக்குப் பதில் சொல்ல மார்த்தாவுக்கு அலுப்பாக இருந்தது.

ரோமன் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தாராஸ் பிரித்தான்.

"என் குடும்பத்துக்காக, என் ஆட்டத்த நான் தியாகம் பண்ணினேன்..." என்று படித்தான்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. இந்த வரிக்காகத்தானே வந்திருந்தார்கள். ஸ்டெஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாரிசா பெருமையாக அப்பாவைப் பார்த்தாள். தாராஸும் அவளைப் பார்த்தான். கைதட்டல் அடங்கிய பிறகும் அவன் அடுத்த வரியைப் படிக்கவில்லை. ரோமன் மெதுவாக அவன் முழங்கையை இடித்தான்.

"இது பொய்" என்றான் தாராஸ்.

ஒலிபெருக்கியில் அது பெரிதாகக் கேட்டது.

"நான் ஒண்ணும் தியாகம் பண்ணல. என் தலை கெட்டுப்போச்சு. சோதனையில வேணும்னே தப்பா எழுதி எல்லாரையும் ஏமாத்தினேன். வெளிய தெரிஞ்சா கேவலம்னு மார்த்தா பேர்ல பழியப் போட்டேன். அவ ஊருக்குப் போகணும்னு கேட்டதே இல்ல." அவன் மகள் பக்கம் திரும்பினான். "லாரிசா, அன்னைக்கு அம்மா களத்தோட பேரைச் சரியாத்தான் சொன்னா. ஒன்னத் தப்பான வாசல்ல எறக்கிவிட்டது நான். எங்க எறக்கிவிட்டேன்னும் எனக்கு ஞாபகமில்ல. திங்கக்கிழமை ஒழுங்கா எழுது. இல்லேன்னா ஒரு நாள் நீயும் எம் மாதிரி நிப்ப."

ஒருவரும் கைதட்டவில்லை. தியாகம் பார்க்க வந்தவர்களுக்கு இது பிடிபடவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் கயிற்றுக்காரர் கயிற்றை இழுத்தார். ஆறாம் எண் சட்டை கோணலாக மேலே போயிற்று.

முதலில் படியேறி வந்தது ஸ்டெஃபாதான். மூச்சு வாங்க வந்தவள் மார்த்தாவைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள்.

"ஏம்மா... எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஒரு நாள்கூடக் கேக்கலியே அத்தை" என்றாள் மார்த்தா. ஒன்பது வருடம் ஏசிய வாய் ஐந்து நிமிடம் அழுதுவிட்டால் சரியாகிவிடுமா? ஆனாலும் கிழவியைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கீழே கம்பளத்தில் தாராஸ் தனியாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை மன்னிக்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. காலையில் இருந்த வெறுப்பு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.

லாரிசா கடைசியாக வந்தாள். வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீ வர்றதுக்கு ஏம்மா அவ்வளவு நேரமாச்சு?"

"ஒன்ன எங்க விட்டார்னு தெரியலியே. அந்த ஊர்ல முப்பது களம் இருக்கும். ஒவ்வொண்ணாப் போனேன். எறங்கி, நாலு பக்கமும் சுத்தி, கதவத் தட்டிப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போவேன்."

"நான் நின்னது எத்தனாவது?"

"பதினாலாவது."

லாரிசா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் சரியா எழுதறேம்மா..." என்பது மட்டும் அழுகைக்கு நடுவே கேட்டது. மார்த்தா அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.