பதினாறா, இரண்டா?

இன்டர்நெட் லைன்காரர் நான்கு மாடி ஏறி வந்தபோது மணி நான்கு. லிப்ட் ஓடவில்லை. வாசலிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த வாரத்தில் இந்த வீட்டுக்கு அவர் வருவது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போயிருந்தார்.

கதவைத் திறந்தவள் பொடிசு. பத்து வயது. வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் கேட்பதற்கு முன்பே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உள்ளே அம்மா கணினியின் முன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவது அவள் வேலை. காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்காக எட்டு சைகை மொழிப் பாடங்களைத் தயார் செய்திருந்தாள். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. ஐந்து மணிக்கு டீச்சர் கிளம்பிவிடுவார். அதற்குள் பாடங்கள் போய்ச் சேர வேண்டும். நாளைக் காலை முதல் வகுப்பே அதுதான்.

எல்லாம் கால் மணி நேரத்தில் போய்விடும் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் முதல் பாடமே நத்தையாய் ஊர்ந்தது. லைன்காரரைக் கூப்பிட்டாள். நான் வரும்வரை எதையும் அனுப்பாதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

"ஸ்பீடு பதினாறு தரேன்னு சொன்னீங்க. இங்க ரெண்டுதான் காட்டுது," என்றாள் அம்மா. கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

லைன்காரர் வேகம் அளக்கும் தன் கருவியை மாட்டிப் பார்த்தார். பதினாறு என்று காட்டியது. "இதுக்கு மேல நான் என்னம்மா பண்றது?" என்றார்.

இருவரும் அவரவர் திரையைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அரைத் தூக்கத்தில் இருவர் சண்டை போடுவதுபோல் இருந்தது.

பொடிசு கணினியை எட்டிப் பார்த்தாள். கருவியையும் பார்த்தாள். கணினியில் எண்ணுக்குப் பக்கத்தில் பெரிய B இருந்தது. கருவியில் சின்ன b.

"அம்மா, ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். சின்ன b-ன்னா பிட். பெரிய B-ன்னா பைட். எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட். பதினாறை எட்டால வகுத்துப் பாருங்க."

லைன்காரர் விரல்விட்டு எண்ணினார்.

"ரெண்டு," என்றார்.

"ரெண்டு," என்றாள் அம்மாவும்.

லைன்காரர் செருப்பு வைக்கும் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளைக்குப் பத்து வீடு, அதில் நாலு வீட்டில் இதே சண்டை என்றார். கருவியில் எண் சரியாக வந்தால் போதும் என்றுதான் அவருக்குச் சொல்லித் தந்திருந்தார்களாம்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை எடுத்துப் புதிதாகக் கணக்குப் போட்டாள். ஒரு பாடம் ஆயிரத்து எண்ணூறு மெகாபைட். நொடிக்கு இரண்டு என்றால் தொள்ளாயிரம் நொடி. அதாவது கால் மணி. எட்டுப் பாடத்துக்கு இரண்டு மணி நேரம். ஐந்து அடிக்க ஐம்பது நிமிடம்தான் இருந்தது.

"எல்லாம் போச்சு," என்று மேசையில் தலை சாய்த்தாள்.

பொடிசு சற்று யோசித்தாள். "நாளைக்கே எட்டையும் பாத்துடுவாங்களாம்மா?"

அம்மா டீச்சரிடம் அதைக் கேட்டதே இல்லை. பொடிசே டீச்சருக்கு போன் போட்டாள்.

ஒரு நாளைக்கு மூன்று பாடத்துக்கு மேல் பார்த்தால் பிள்ளைகளின் கண் சோர்ந்துவிடும் என்றார் டீச்சர். முதல் மூன்றை அனுப்பினால் போதும், மற்றவை நாளை மெதுவாக வரட்டும் என்றார். தன் கண்ணும் சோர்ந்துதான் போயிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

அம்மா மகளையே பார்த்தாள். "இதைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லடி," என்றாள். பிறகு மூன்று பாடங்களை அனுப்ப ஆரம்பித்தாள். முதல் பாடம் போய் முடிவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

லைன்காரர் பூனைபோல் எழுந்தார். அடுத்த புகார் எதிர்க் கட்டடத்தில், ஆறாவது மாடி. "அங்க இருபத்துநாலு தரணும், மூணுதான் வருதாம். இருபத்துநாலை எட்டால வகுத்தா எவ்வளவு பாப்பா?" என்று கிசுகிசுத்தார்.

"மூணு மாமா."

"அப்ப நான் மாடி ஏற வேண்டாம்," என்றவர், படிக்கட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்கு விஷயத்தைச் சொல்ல நிம்மதியாக போனை எடுத்தார்.

ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மூன்றாவது பாடமும் போய்ச் சேர்ந்தது. 'வந்துவிட்டது' என்று டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. எழுப்பிச் சொல்லலாமா என்று பொடிசு அம்மாவைப் பார்த்தாள். பிறகு திரையை அணைத்துவிட்டு, அம்மாவின் கால்களைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்தாள். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டபடி அந்த நாற்காலிமேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.