ஒன்பதாம் கட்டிலின் நாளைய சர்க்கரை

"சிஸ்டர்…! ஓடி வாங்க! ஒன்பதாம் நம்பருக்குக் கண்ணு சொருகுது!"

எட்டாம் கட்டில்காரர் அலறினார்.

புது நர்ஸ் கையிலிருந்த ட்ரேயைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வேலைக்குச் சேர்ந்து அது இரண்டாவது நாள். வார்டில் ஒன்பது கட்டில். ஒன்பதும் ஃபுல். வெளியே காரிடாரில் ஒரு தையல்காரர் விடியற்காலையிலிருந்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். ரிசப்ஷனில் அவரிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"இன்ஷூரன்ஸ் கார்டா, கைக்காசா?"

கைக்காசு என்றார். பெட் இல்லை என்றார்கள்.

ஒன்பதாம் கட்டிலில் கிடந்தவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். நகக்கண்ணில் இன்னும் பச்சை. உடம்பு தெப்பமாக நனைந்திருந்தது. கை ஐஸ். பல் கிட்டியிருந்தது.

'சர்க்கரை அடியோடு இறங்கின ஆள் மாதிரி இருக்கே…!'

எப்படி இறங்கும்? காலை ஏழு மணிக்கு நானூற்றெண்பது என்று சார்ட் சொன்னது. அதை நம்பித்தான் எட்டு மணிக்கு அவளே இன்சுலின் போட்டாள். இருபது யூனிட்!

"அண்ணே! சர்க்கரை பார்க்கிற மெஷின் எங்க?"

பழைய அட்டெண்டர் பீரோவைக் குடைந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை!

பல்லால் கிழித்தாள். விரலில் குத்தினாள்.

இருபத்தாறு.

எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து!

ஓடுகிற ட்ரிப்பிலேயே க்ளூக்கோஸை ஏற்றிவிடலாம் என்று பிளாஸ்திரியைப் பிரித்தாள். உள்ளே ஊசியே இல்லை! வெறும் பஞ்சு. குழாய் மணிக்கட்டைச் சுற்றிப் போய், மெத்தைக்கு அடியில் ஒரு பாட்டிலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ… உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" அட்டெண்டர் குரலைத் தாழ்த்தினார்.

"என்னத்த?"

"இங்க படுத்திருக்கிற யாருக்கும் நோவு கிடையாதும்மா. படுக்கறதுக்குக் கூலி வாங்கிட்டு வந்தவங்க. மருந்தை சிங்க்ல ஊத்திடணும். காலி பாட்டிலை மட்டும் எடுத்து வைக்கணும். இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்கு."



சீக்கே இல்லாத மனிதனுக்கு இருபது யூனிட்…!

"நரம்பு கட்டுற ரப்பரைக் குடுங்கண்ணே! சீக்கிரம்!"

வாசலில் ஷூ சத்தம்.

முதலாளி டாக்டர் வந்தார். கூடவே தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்ட இன்ஷூரன்ஸ் அதிகாரி. மாதாந்திரச் சோதனை.

டாக்டர் கட்டிலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவள் முழங்கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்தார்.

"என்னம்மா பண்ற?"

"க்ளூக்கோஸ் ஏத்தணும், டாக்டர்."

"சார்ட்ல நானூத்தியெண்பது. நீ க்ளூக்கோஸ் ஏத்தினா கணக்கு இடிக்குதுன்னு அந்தாளு கத்துவான். பத்து நிமிஷம் பொறு. அவனைக் கீழ கூட்டிட்டுப் போய் காபி குடுத்துட்டு வரேன்."

"பத்து நிமிஷத்துல மூளை போயிடும்!"

"போகட்டும். கார்டு இருக்கு… கவர் ஆகும்."

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். சிங்க்கில் ஊற்ற வேண்டியது மருந்தை அல்ல என்று தோன்றியது.

"எதுக்கு டாக்டர் இதெல்லாம்?"

"பச்சப்புள்ள மாதிரி பேசாத. கட்டில் காலியா கிடந்தா எவனும் சொன்ன வாடகை குடுக்க மாட்டான். நிரம்பி வழிஞ்சா? 'ஒரே ஒரு ரூம்தான் இருக்கு'ன்னா ரெண்டு மடங்கு குடுப்பான். தக்காளிக்கும் அதே கணக்குதான், தலைவலிக்கும் அதே கணக்குதான்!"

அவள் கையை உதறினாள்.

ரப்பரைக் கட்டினாள். நரம்பு கிடைக்கவில்லை. மறுபடி குத்தினாள். கிடைத்தது! க்ளூக்கோஸை மெல்ல உள்ளே தள்ளினாள்.

ஒரு நிமிஷம்… ஒன்றுமில்லை.

இரண்டு நிமிஷம்…

பெயின்டரின் இமை துடித்தது. கண்ணைத் திறந்தார். நாக்கு குழறியது.

"ஏம்மா… நிஜமாவே மருந்தையா போட்ட? படுபாவி…!"



அதிகாரி சார்ட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. உரக்கப் படித்தார்.

"நாளைக் காலை ஏழு மணி. சர்க்கரை இருநூத்திப் பத்து. நோயாளி தெம்பாக இருக்கிறார்."

டாக்டரின் நெற்றி வேர்த்தது. புது நர்ஸுக்கு மூச்சு வந்தது. மாட்டினான்!

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன டாக்டர்… நாளைக்கு உள்ளதை நாளைக்கு எழுதக்கூடாதா? போன மாசமே சொன்னேனே!"

டாக்டர் இளித்தார்.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "சார்… உங்க கம்பெனிக்குத்தானே நஷ்டம்?"

"யாரு சொன்னா?" அதிகாரி சிரித்தார். "க்ளெய்ம் ஏறினா அடுத்த வருஷம் ப்ரீமியம் ஏறும். கட்டறது ஊர்ல உள்ளவன். நல்லா இருக்கிறவன்தான் பயந்து பயந்து கட்டறான். டாக்டர், இந்த நர்ஸ் மருந்து மாத்திப் போட்டதா எழுதி அனுப்பிடுங்க. போலீஸ் பார்த்துக்கும்."

"பாலுக்குப் பூனை காவல்…" அட்டெண்டர் முணுமுணுத்தார்.



புது நர்ஸ் அதிகாரி கையிலிருந்ததைப் பிடுங்கி, கட்டில் கட்டிலாகப் போய் ஒன்பது சார்ட்டையும் உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். புது சிரிஞ்ச் ஒன்றைப் பிரித்தாள்.

"மருந்தை மாத்திப் போடலை, சார். எழுதினதைத்தான் போட்டேன். இனிமேலும் எழுதினபடிதான் போடுவேன். மூணாம் நம்பர்! உங்களுக்கு முதுகுத்தண்டுல ஊசி. குப்புறப் படுங்க."

மூன்றாம் நம்பர் எழுந்து உட்கார்ந்தார்.

"அஞ்சாம் நம்பர், மூக்கு வழியா குழாய். எட்டாம் நம்பர்… உங்களுக்கு எங்க குழாய் எழுதியிருக்குன்னு சத்தமா படிக்கட்டுமா?"

அவ்வளவுதான்!

எட்டாம் நம்பர் ட்ரிப் ஸ்டாண்டோடு தாவினார். பக்கவாதம் ஓடியது! இடுப்பெலும்பு முறிவு அதைத் தாண்டி ஓடியது! தடுக்கப் போன டாக்டரை இரண்டு இதய நோயாளிகள் சுவரோடு சாத்திவிட்டுப் போனார்கள்.

அரை நிமிஷத்தில் எட்டுக் கட்டில் காலி.

"அண்ணே, அந்தத் தையல்காரரை உள்ள கூட்டிட்டு வாங்க. ஆக்ஸிஜன் சிலிண்டரும்… காத்து இருக்கிறதா பார்த்து."

அதிகாரி சார்ட்டுகளைப் பிடுங்கக் கையை நீட்டினார். ஒரு பச்சை நகக் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"தொடாதீங்க, சார்." பெயின்டரின் குரல் இன்னும் நடுங்கியது. "அந்த ஒன்பதுல ஒண்ணு என்னுது. போலீஸைக் கூப்பிடும்மா. நாளைக்கு நான் தெம்பா இருப்பேன்னு எழுதியிருக்காங்கல்ல… சாட்சி சொல்ல அது போதும்!"

அவள் போனை எடுத்தாள்.

டாக்டர் காலிக் கட்டில்களை வெறித்தபடி பொத்தென்று உட்கார்ந்தார். தையல்காரரைத் தாங்கிக்கொண்டு வந்த அட்டெண்டர் அவர் பக்கம் குனிந்தார்.

"இருபது வருஷமா இங்க இருக்கேன், டாக்டர். நம்ம ஆஸ்பத்திரியில ஒரே ஊசியில எட்டுப் பேர் குணமாகி நான் பார்த்ததே இல்ல!"