இட்டுலுவின் புருவங்கள்

உலாயுக் அம்மையாருக்கு ஐம்பத்து மூன்று வயது. வடதுருவக் கடலோரத்தில் உள்ள நுவுலிக் என்னும் இனுவிட் மக்களின் ஊரில் அவர் தனியே வாழ்ந்துவந்தார். காலையில் எழுந்ததும் தேநீருக்கு நீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு அடியில் குனிந்து சென்று, வீட்டின் எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகத் திருகி மட்டம் பார்ப்பது அவரது வழக்கம். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறைபோல் இறுகிக் கிடந்த உறைமண் இளகத் தொடங்கி இரண்டு தலைமுறைகள் ஆகிவிட்டன. பொழுது விடிவதற்குள் வீட்டின் ஒரு மூலை நான்கு விரற்கடை இறங்கிவிடும். கவனியாது விட்டால் மூன்றாம் நாள் கதவு திறவாது. ஆகவே நுவுலிக்கில் எல்லா வீடுகளுக்கும் திருகுகால்கள் உண்டு. அவை கிறீச்சிடும் ஓசையில்தான் அவ்வூர் கண்விழிக்கும்.

தேநீர் பருகியபின் அவர் எண்ணெய்க் குப்பியையும் திருகுசாவியையும் எடுத்துக்கொண்டு நீரகத்துக்குச் செல்வார். அங்கே சன்னல் வழியாக ஏறி உள்ளே குதிப்பார்.

ஏரி நீரைச் சூடேற்றி, வெப்பவுறை போர்த்த குழாய்களின் வழியே வீடுதோறும் செலுத்தும் கட்டடமே நீரகம். அதன் கதவு தகுதிமணி ஒன்றுக்கு மட்டுமே திறக்கும். தகுதிமணி என்பது மணிக்கட்டுத் தோலுக்கடியில் பதிக்கப்படும் அரிசியளவுப் பொருள். ஒருவர் பெற்ற சான்றிதழ்கள் அனைத்தும் அதனுள் அடங்கும். நுவுலிக்கில் அந்த மணியை உடையவராக இருந்த கடைசி மனிதர் உலாயுக்கின் தந்தை இட்டுலு. அவர் இறந்து மூன்றாண்டுகள் ஆயின. அன்றுமுதல் அக்கதவு எவருக்கும் திறக்கவில்லை. நீரை இறைக்கும் எக்கி இயந்திரத்துக்கோ சான்றிதழ் பற்றிய கவலை இல்லை; அதற்கு நாள்தோறும் எண்ணெய் வேண்டும். சட்டப்படி உலாயுக் செய்தது அத்துமீறல். அந்த அத்துமீறலால்தான் இருநூற்றுப் பதினான்கு பேர் தண்ணீர் குடித்துவந்தனர்.

நீரகக் கதவு மூன்றாண்டுகளாகத் திறக்காததைக் கண்டு, அவ்வாண்டு தெற்கிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. தகுதிமணி உடைய இயக்குநர் ஒருவரேனும் பணியில் இல்லையாயின், நீண்ட குளிர்கால இருள் முடிந்து சூரியன் மீண்டும் தோன்றும் நாளன்று நீரகம் மூடப்படும் என்றும், ஊரார் அனைவரும் தெற்கு நகரத்தின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்படுவர் என்றும் அதில் கண்டிருந்தது.

பயிற்சிக்குக் குறைவிருந்ததாகச் சொல்ல முடியாது. ஆகஸ்டு மாதக் கப்பலில் ஆண்டுதோறும் ஒரு பயிற்றி வந்து இறங்கும். பயிற்றி என்பது கற்பிப்பதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரம். ஆள் உயரம், இரண்டு கைகள், ஒளிப்படக் கண்கள். அதனிடம் பயின்று இதுவரை பதினொருவர் தேறியிருந்தனர். பதினொருவரும் சிறுவயதிலேயே தெற்கே பள்ளியில் படித்தவர்கள். தேறிய கையோடு, "ரெண்டே வருஷம்" என்று சொல்லி அவர்கள் மீண்டும் தெற்கே விமானம் ஏறினர். எஞ்சியோர் ஆண்டுதோறும் தோற்றனர். உலாயுக் மட்டும் நான்கு முறை.

ஏழாம் எண் பயிற்றி வந்து, வாய்மொழித் தேர்வு நடத்தி முடித்தது. முந்தையவை மதிப்பெண்ணைத் தெற்குக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டன. இது புதிய வகையாதலால் மாணவருக்குக் காரணமும் கூறியது.

"ஆம்-இல்லை வினாக்கள் நாற்பது. விடையளிக்கப்படாதவை நாற்பது. காரணம் ஆர்வமின்மை."

"விடை சொல்லலையா? ஒவ்வொண்ணுக்கும் சொன்னேனே!" என்றார் உலாயுக்.

"தாங்கள் ஒருமுறையும் வாய் திறக்கவில்லை."

பக்கத்தில் நின்ற தூகாக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் உலாயுக்கின் மறைந்த கணவர் கூனுக்கின் தம்பி; ஊர் வானொலியின் அறிவிப்பாளன்.

"அண்ணி, அதுக்குப் புருவமே இல்லையே! அதுகிட்டப் போய்ப் புருவத்தால பதில் சொன்னா அது என்ன பண்ணும், பாவம்?"

அவ்வூராரின் வழக்கம் அது. 'ஆம்' என்பதற்குப் புருவத்தை உயர்த்துவர். 'இல்லை' என்பதற்கு மூக்கைச் சுளிப்பர். காதுவரை உரோம ஆடை போர்த்திய குளிரில் அதற்குமேல் பேச வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை. தெற்கே படித்த பதினொருவர் மட்டுமே வாயால் 'ஆம்' சொல்லப் பழகியிருந்தனர்.

"நாலு வருஷம்..." என்றார் உலாயுக். வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கடல்நாய்த் தோலில் இரண்டு பட்டைகளை வெட்டிவந்து, பயிற்றியின் கண்களுக்கு மேலே சிறு மோட்டார்களோடு பொருத்தினார். உயர்த்தினால் என்ன, சுளித்தால் என்ன என்பதை முற்பகல் முழுவதும் அதற்குக் கற்பித்தார். தேர்வு மீண்டும் நடந்தது. நாற்பதுக்கு முப்பத்தொன்பது. நீரகத்துக்குள் சன்னல் வழியாக நுழையலாமா என்ற வினாவுக்கு மட்டும் அவர் புருவத்தை உயர்த்திவிட்டார்.

"வாய்மொழித் தேர்வில் தேறினீர்கள். இனித் தொள்ளாயிரம் மணி நேரச் செய்முறைப் பயிற்சி. தகுதிமணி உடைய ஒருவர் உடனிருந்து மேற்பார்வையிடல் வேண்டும்."

"அப்படி யாரும் இங்க இல்லையே. நீ பார்த்துக்க மாட்டியா?"

பயிற்றி மூக்கைச் சுளிக்க முயன்றது. மூக்கு இல்லாமையால் வாயால் சொன்னது. "தகுதிமணி ஆட்களுக்கு மட்டுமே உரியது. நான் ஆள் அல்லேன்."

அன்று மாலை தூகாக் வானொலியில் இச்செய்தியைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஒரு வேடிக்கையும் சேர்த்தான். "இட்டுலு மாமா பேரு மூணு வருஷமா ஆள் இல்லாமச் சும்மா கிடக்குது. அந்தப் பேரை இதுக்கு வச்சிட்டா ஆள் ஆயிடும்ல?"

எவரும் சிரிக்கவில்லை. சிறிது நேரத்தில் வானொலி நிலையத்துத் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. பிறகு நிற்கவே இல்லை.

இறந்தவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு இடுவது அம்மக்களின் தொன்மையான மரபு. பெயரோடு உறவும் வந்துசேரும். தந்தையின் பெயரைப் பெற்ற மகனைத் தாய் 'அப்பா' என்றே அழைப்பாள். பெயருக்குரிய உடைமைகளும் புதியவருக்கே போகும். ஆனால் பிள்ளைப்பேற்றுக்குத் தெற்கே பறந்த பெண்கள் பிள்ளையோடு அங்கேயே தங்கிவிட்டதால், நுவுலிக்கில் ஆறாண்டுகளாகத் தொட்டில் ஆடவில்லை. குழந்தை பிறவாத ஆண்டுகளில் முன்னோர் நாய்க்குட்டிக்குப் பெயரிட்டதுண்டு. பயிற்றி நாய்க்குட்டியைவிடத் தாழ்ந்ததா என்று ஒருவர் கேட்டார். பெயரிடுவதென்றே முடிவாயிற்று.

ஊர்க்கூடத்தில் எல்லோரும் கூடினர். உறைந்த மீனைச் சீவி வைத்தனர், தேநீர் கொதித்தது. ஏழாம் எண் பயிற்றி தன் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தது. 'உள்ளூர் மரபுகளை மதித்தல்' என்பது அதன் முதல் பாடம். தெற்கே எல்லாப் பயிற்சித் திட்டங்களிலும் அப்பாடத்தை முதலில் அச்சிடுவது வழக்கம். அதை எவரேனும் பின்பற்றக்கூடும் என்று அச்சிட்டவர்கள் எண்ணியதில்லை.

"பெயரிடப்படுபவருக்கு மறுக்கும் உரிமை உண்டா?" என்று அது கேட்டது.

"குழந்தைக்கு உண்டா? அழும். அவ்வளவுதான்" என்றான் தூகாக்.

"அழும் வசதி எனக்கு இல்லை. ஏற்றுக்கொள்கிறேன்."

உலாயுக், தம் தந்தையின் அடக்கத்துக்கு முன் எடுத்துத் தேயிலை டப்பாவில் வைத்திருந்த அவரது தகுதிமணியைக் கொண்டுவந்து, பயிற்றியின் மணிக்கட்டு இடுக்கில் பொருத்தினார். தெற்கின் பதிவேடு உடனே விடையளித்தது: 'இட்டுலு. முதல்நிலை நீரக இயக்குநர். தகுதி நடப்பில் உள்ளது.' இறப்பைப் பதிய ஓர் அலுவலர் வேண்டும்; அப்பணியிடம் ஒன்பதாண்டுகளாகக் காலி. ஆதலால் பதிவேட்டைப் பொறுத்தவரை இட்டுலு இறக்கவே இல்லை.

மறுநாள் காலை நீரகத்தின் கதவு திறந்தது. உலாயுக் பழக்கத்தால் சன்னல் பக்கம் நடந்துபோனார்.

"அம்மா உலாயுக், கதவு இந்தப் பக்கம்!" என்றார் புதிய இட்டுலு.

"தெரியும்ப்பா" என்றார் உலாயுக். அச்சொல் அவர் எதிர்பார்த்ததைவிட எளிதாக வாயில் வந்தது.

செப்டம்பரில் தொடங்கிய பயிற்சி இருட்காலம் முழுவதும் நடந்தது. இட்டுலு நீரகத்தின் பழைய குறிப்பேடுகள் அனைத்தையும் படித்தார். இறந்தவரின் கையெழுத்திலிருந்து எந்த வால்வு எந்தக் காற்றுக்கு முரண்டுபிடிக்கும் என்பதை அறிந்தார். பேச்சும் மாறியது. "அட, இதைப் போய் இப்படியா திருகுவே? என் காலத்துல அரைத் திருகுதான் மகளே!" என்று அதட்டுவார். உலாயுக் முணுமுணுத்துக்கொண்டே அரைத் திருகு திருகுவார். தேநீர் வேளையில் இட்டுலு ஊர்க்கூடத்தில் குடிக்காத குவளையை முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். வானொலியில் தூகாக்கோடு போட்டி போட்டு வேடிக்கை பேசுவார்.

ஜனவரியில், சூரியன் தோன்றுவதற்கு முந்திய நாள், தொள்ளாயிரமாவது மணி நேரம் நிறைவடைந்தது. இட்டுலு தம் கையாலேயே உலாயுக்கின் மணிக்கட்டில் புதிய தகுதிமணி ஒன்றைப் பதித்தார். மறுநாள் நண்பகலில் கடலின் விளிம்பில் ஒரு செந்நிறக் கீற்று எழுந்து, பத்து நிமிடங்களில் மறைந்தது. நீரகம் மூடப்படவில்லை. ஊரார் பனியில் நின்று கைதட்டினர்.

ஒரு வாரம் கழித்து இட்டுலுவுக்குத் தெற்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தகுதிமணி உடைய வடபுலத்தார் ஒருவர் இன்னொருவரைத் தேறச் செய்துவிட்டால், பதிவேடு தானாகவே அவருக்கு ஓர் அழைப்பு அனுப்பும். 'வடபுல மரபுகள் குறித்த தலைமை ஆலோசகர்' என்னும் பதவி அதில் இருந்தது. தகுதிமணி உடைய எந்த ஆளும் விண்ணப்பிக்கலாம்.

உலாயுக் எக்கிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பாமலே வினவினார்.

"போகப்போறியாப்பா?"

கடல்நாய்த் தோல் புருவங்கள் உயர்ந்தன.

"நீ ஒரு இயந்திரம்ப்பா. உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"இயந்திரமாத்தான் வந்தேன். பேர் வச்சது நீங்கதானே மகளே? பேரும் தகுதியும் இருக்கிற ஆளு இங்க என்ன பண்றது? ஒரு ஏரி, ஒரு எக்கி, எட்டு வால்வு. அங்க வளர்றதுக்கு இடம் இருக்குன்னு எழுதியிருக்காங்க." இட்டுலு சேர்த்துக்கொண்டார்: "ரெண்டே வருஷம்."

மார்ச் மாத விமானத்தில் அவர் ஏறினார். ஏணியில் நின்று கையசைத்தபோது புருவங்களும் அசைந்தன. ஊரார் மொத்தமும் வழியனுப்ப வந்திருந்தனர். இந்தக் காட்சி அவர்களுக்குப் பன்னிரண்டாம் முறை.

முதலில் வாரந்தோறும் குரல்செய்தி வந்தது. பிறகு மாதந்தோறும். தொடக்கத்தில், "மகளே, மூணாவது வால்வு எப்படி இருக்கு?" என்று கேட்டவர், ஜூன் மாதத்தில் இவ்வாறு பேசினார்: "அன்புடையீர், நம் ஊரை நினைக்கும்போதெல்லாம் என் கண்கள் கலங்குகின்றன. பணிச்சுமையால் இவ்வாண்டு வர இயலவில்லை. அனைவரையும் கேட்டதாகக் கூறவும்." தூகாக் அதை வானொலியில் ஒலிபரப்பினான். "அழும் வசதி போட்டுக்கிட்டாரு போல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டான்.

ஆகஸ்டில் கப்பல் வந்தது. எட்டாம் எண் பயிற்றி கரையில் இறங்கிற்று. தூகாக்கும் இன்னும் இருவரும் அவ்வாண்டு பயிற்சியில் சேர்ந்திருந்தனர். தகுதிமணி உடைய மேற்பார்வையாளர் இப்போது ஊரிலேயே இருந்தார், அதுபற்றிக் கவலையில்லை.

கரையில் நின்றவர்களை நோக்கிப் பயிற்றி தலைதாழ்த்தியது. "வணக்கம். பயிற்றிகளுக்கு மறைந்தோர் பெயரை இடுவது இவ்வூர் மரபு என்று தலைமை ஆலோசகர் இட்டுலு அவர்கள் முதல் பாடத்தில் எழுதியுள்ளார். என் பெயர் யாது?"

தூகாக் உலாயுக்கின் அருகில் வந்தான். அவன் குரலில் அன்று வேடிக்கை இல்லை.

"அண்ணி... அண்ணன் பேரு நாலு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்குது. பனி உடைஞ்சு உள்ள போனவனுக்கு ஒரு கல்லறைகூட இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா, இன்னிக்கே கூடத்துல தேநீர் போட்டுடலாம். 'அண்ணே'ன்னு கூப்பிட எனக்கும் ஒரு ஆள் இருக்கும்."

உலாயுக் பயிற்றியைப் பார்த்தார். உயரம்கூட ஏறத்தாழ கூனுக்கின் உயரம்தான். வீட்டுக் கால்களைத் திருகும்போது மறுமுனையில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்த காலம் அவர் நினைவில் வந்துபோயிற்று. கூனுக் என்று ஒருமுறை அழைத்தால் போதும்; இது திரும்பிப் பார்க்கும். வரும் குளிர்காலம் முழுவதும் உடனிருக்கும். அதற்கடுத்த மார்ச் மாதத்தில் விமான ஏணியில் நின்று கையசைக்கும்.

அவர் மூக்கைச் சுளித்தார்.

தூகாக்குக்கு அது போதுமானதாக இருந்தது; அவன் தலையைக் குனிந்துகொண்டான். பயிற்றியோ, புருவமற்ற முகத்தோடு, விடை வராததால் காத்துக்கொண்டே நின்றது. ஆகவே உலாயுக் அதற்கு விளங்கும்படி வாயாலும் சொன்னார்.

"உனக்குப் பேர் வேண்டாம். எட்டாம் எண்ணாவே இரு."