மூன்று தடவை, பிறகு ஒரு தடவை

அன்று படகில் இருந்தவர்கள் மூன்று பேர். படகின் சொந்தக்காரர் செல்லப்பன். காலஞ்சென்ற அவருடைய அண்ணன் அர்ச்சுனனின் மனைவி கிருஷ்ணம்மா. அவர்களுடைய ஒரே மகன் தீபன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எஞ்சின் வேலை பார்ப்பவன். அர்ச்சுனனும் கூட வந்தார், சிவப்புத் துணி கட்டிய மண்கலயத்தில். அவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மெர்சிங் ஆறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டி இரண்டு மைல் போய், தீபன் சாம்பலைக் கரைத்து, கலயத்தையும் தண்ணீரில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தான். செல்லப்பன் படகைக் கரைப்பக்கம் திருப்பினார். கரை தெரியவில்லை. நாலு நாளாகப் புகைமூட்டம். எங்கோ எரியும் காட்டின் ஈரமான, கசந்த வாடை தொண்டையில் படிந்திருந்தது. பத்து மணி வெயில் மஞ்சள் துணியில் வடிகட்டியது போல இறங்க, கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது.

அப்போதுதான் எஞ்சினின் எச்சரிக்கை அலாரம் அடித்தது. சின்னச் சத்தம்தான். கீ, கீ, கீ என்று மூன்று. சற்று இடைவெளி விட்டு ஒன்று. பிறகு ஒன்றுமில்லை.

செல்லப்பன் முள்ளைப் பார்த்தார். வெப்பம் சரியாக இருந்தது. எண்ணெய் அழுத்தமும் சரியாக இருந்தது. சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை.

"சித்தப்பா, உங்க படகுக்கும் புகையில இருமல் வந்துருச்சு போல லா," என்றான் தீபன்.

செல்லப்பன் சிரிக்கவில்லை. மறுபடியும் முள்ளைப் பார்த்தார்.

தீபன் எழுந்து வேலையைத் தொடங்கினான். கம்பியை உருவி எண்ணெய் பார்த்தான், அளவு சரி. பின்பக்கம் குனிந்து, புகைக்குழாயோடு கடல்நீர் வெளியே கொட்டுகிறதா என்று பார்த்தான், நன்றாகவே கொட்டியது. வெப்பத்தை அளக்கும் சென்சாரின் வயரை ஆட்டினான், கழற்றித் துடைத்து மாட்டினான். அலாரம் அடிக்கவில்லை. "லூஸ் கனெக்‌ஷன்தான். போலாம் சித்தப்பா," என்று சொல்லிக் கையைத் துடைத்தபோது, மூன்று. இடைவெளி. ஒன்று.

"கெட்டுப்போன அலாரம் இப்படி எண்ணி எண்ணி அடிக்காதே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கிருஷ்ணம்மா படகின் முனையில் உட்கார்ந்திருந்தார். சாம்பல் கரைக்கப் பெண்கள் வருவது குடும்பத்து வழக்கமில்லை என்று செல்லப்பன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தும் அவர் கேட்கவில்லை. இதுவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது மெல்லத் திரும்பி எஞ்சினைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைச் செல்லப்பன் பார்க்காதது போல இருந்தார். அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். அண்ணிக்கும் தெரியும்.

அர்ச்சுனன் கடைசி ஒன்றரை வருடம் காஹாங்கில் தம்பி வீட்டின் பின்னறையில் படுத்த படுக்கை. பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். அந்தக் கையில் ரிமோட் மணியின் பொத்தானைக் கொடுத்து, மணியைக் கூடத்து பிளக்கில் சொருகி வைத்திருந்தார்கள். ஒரு தடவை அடித்தால் வா. இரண்டு அடித்தால் திருப்பிப் படுக்க வை. மூன்று அடித்து, நிறுத்தி, ஒன்று அடித்தால் மூச்சு முட்டுகிறது, உடனே வா. இதைக் கற்றுக்கொடுத்தவர் கிருஷ்ணம்மாதான்.

செல்லப்பனின் மகள் லோஷினிக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தது. மூன்று, ஒன்று. "யாரு உள்ள?" என்று சம்பந்தி கேட்டார். "ஒண்ணுமில்ல, பக்கத்து வீட்டு வாசல் மணி," என்றார் செல்லப்பன். நாலு தலைமுறையாக நிமிர்ந்து நடந்த குடும்பம். மலம் துடைக்கும் வாடையும் வாய் கோணிய முகமும் அன்று சபைக்கு வர வேண்டியதில்லை. பாத்திரச் சத்தத்தில் அது காதில் விழாமல் அண்ணி சமையலறையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்க, செல்லப்பன் யாரும் பார்க்காமல் பிளக்கைப் பிடுங்கினார். நாற்பது நிமிடம். விருந்தினர் போனதும் மறுபடி சொருகினார். மணி அடிக்கவில்லை. அவரே முதலில் உள்ளே போனார். அண்ணனின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே விறைத்திருந்தது. செம்பனை எண்ணெய் ஆலையில் நசுங்கி நடுவில் பிளந்த நகம் உள்ள விரல். அதை அவர்தான் விலக்கிவிட்டார். பிறகுதான் குரல் கொடுத்தார்.

"தம்பி," என்றார் கிருஷ்ணம்மா.

"சும்மா இருங்க அண்ணி. வயர் பழசு."

படகு தடுமாறியது. எஞ்சின் சத்தத்தில் ஒரு கரகரப்பு, தொண்டையில் சளி அடைத்தவர் மூச்சிழுப்பது போல. தீபன் எஞ்சினை நிறுத்திவிட்டு, எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே வரும் கடல்நீரை வடிகட்டும் கிண்ணத்தின் பக்கம் குனிந்தான். அதன் மேல்மூடி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். உள்ளே பாசி அடைத்தால் வெளியிலிருந்தே தெரியும். அன்று வெள்ளையாகத் தெரிந்தது. திருகித் திறந்து விரலால் வழித்தான். சாம்பல் சேறு. அதற்குள் நகக்கண் அளவில் ஒரு எலும்புத் துண்டு.

தீபன் நிமிர்ந்து பார்த்தான். "சித்தப்பா, அப்பாவைக் கரைக்கும்போது ஏன் எஞ்சினை நிறுத்தல நீங்க?"

கடலில் சாம்பல் கரைப்பதில் செல்லப்பனுக்குப் பெயர் இருந்தது. காஹாங், லாயாங் லாயாங், பண்டார் தெங்காரா என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். எஞ்சினை நிறுத்தி, சாம்பல் விலகிப் போகும்வரை காத்திருந்துதான் கிளப்புவார். ஓடுகிற எஞ்சின் தண்ணீரை உள்ளே இழுக்கும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரே விளக்குவார். பதினெட்டு வருடத்தில் ஒரு முறையும் தவறியதில்லை.

இன்று நிறுத்தவில்லை. நிறுத்தினால் அமைதியாகிவிடும். அமைதியில் அண்ணி கேட்பார்.

"பேட்டரி வீக்குடா. நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோன்னு..."

"அலமாக், சித்தப்பா!" தீபனின் குரல் உடைந்தது. "ஊரான் வீட்டுப் பிணத்துக்கு நிறுத்துவீங்க. எங்கப்பாவுக்கு முடியல."

கிருஷ்ணம்மா எழுந்து வந்து, இரண்டு கைகளையும் ஏந்தி அந்தச் சேற்றை வாங்கிக்கொண்டார். படகின் ஓரத்தில் குனிந்து தண்ணீரில் விட்டார். அது கரையவில்லை. படகோடு ஒட்டியபடியே மிதந்து, மெல்ல அடியில் போனது.

தீபன் மூடியை இறுக்கித் திருகினான். எஞ்சினைக் கிளப்பினான். பேட்டரி வீக் இல்லை. முதல் தடவையிலேயே பிடித்தது. மூவரும் அதைக் கேட்டார்கள்.

உடனே அலாரம். மூன்று. ஒன்று. மூன்று. ஒன்று.

தீபன் பேனலின் பின்னால் கைவிட்டு அலாரத்தையே பிடுங்கி எடுத்தான். ஒரு ரிங்கிட் காசைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வட்டம். இரண்டு வயரும் அறுந்து தொங்கின. நிம்மதியாக மூச்சு விட்டான்.

அது அவன் உள்ளங்கையில் அடித்தது.

அதைக் கீழே போட்டான். பலகையில் உருண்டபடியே அடித்தது. செல்லப்பன் அதை எடுத்துக் கடலில் வீசினார். தண்ணீருக்குள் போய், ஆழத்திலிருந்து, மெலிந்து, மெலிந்து. கீ, கீ, கீ.

எஞ்சின் நின்றது. தீபன் சாவியைத் திருகினான். எதுவும் நடக்கவில்லை. போனை எடுத்தான். லைன் இல்லை. நங்கூரத்தை இறக்கினான். கயிறு முழுதும் இறங்கியும் அடியைத் தொடவில்லை. பத்து முழத்துக்குமேல் ஆழம் இல்லாத கடல் அது. காற்று இல்லை. ஆனாலும் படகு நகர்ந்தது. வந்த வழியே, கலயம் விட்ட இடத்தை நோக்கி.

"தம்பி," என்றார் கிருஷ்ணம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு நான் அடுப்படியில காதைத் தீட்டிக்கிட்டே இருந்தேன். மணி அடிச்சா ஓடலாம்னு. ஏன் அடிக்கல?"

சொல்லிவிடலாம். மூன்றே வார்த்தை. லோஷினியின் கல்யாணம் அடுத்த மாதம். தீபன் நின்றுகொண்டிருக்கிறான். செல்லப்பன் முதுகை நிமிர்த்தினார்.

"தூங்கிட்டாரு அண்ணி. தூக்கத்துலயே போயிட்டாரு. எத்தனை தடவை சொல்றது?"

கீழே, தட்டும் சத்தம்.

நின்ற எஞ்சினுக்குள். மென்மையாக. நகம் படும் சத்தம்.

தீபன்தான் முதலில் குனிந்து பார்த்தான். பார்த்ததும் பின்னால் நகர்ந்து தாயின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். கிருஷ்ணம்மா கைகூப்பினார்.

செல்லப்பனுக்குப் போக விருப்பமில்லை. கால் போனது. முட்டி மடங்கியது. முகம் குனிந்தது.

வடிகட்டியின் மூடி. தெளிவான மூடி. உள்ளே கலங்கிய தண்ணீர். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கட்டைவிரல், வெளுத்து, ஊறி, மூடியில் அழுந்தியிருந்தது. நடுவில் பிளந்த நகம். அது விலகியது. அழுத்தியது. விலகியது. அழுத்தியது. விலகியது. அழுத்தியது.

நின்றது.

செல்லப்பன் காத்திருந்தார். கையை நீட்டவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. சுற்றிலும் சாம்பல் நிறம்.

ஒரு தடவை அழுத்தியது. இந்த முறை விலகவில்லை.

அர்ச்சுனன் தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று காஹாங்கில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் விழித்திருந்தார்.