கையுறை கழற்றும் முறை

ஆம்ப்ரோஸ் ஐந்தரைக்கு எழுந்தான். பாலைக் காய்ச்சினான். காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு வேலையில் சொல்லிக்கொடுப்பது போலவே விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்தான். வலது உள்ளங்கை பிசுபிசுத்தது. மறுபடி கழுவினான். மறுபடி பிசுபிசுத்தது. முகர்ந்தால் பயிற்சி லோஷனின் வாசனை. அந்த டப்பா ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டியிருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. இன்று செவ்வாய்.

விவேக் நகரில் பஸ் ஏறினான். பன்றிக் காய்ச்சல் பயத்தில் பாதிப் பேர் கைக்குட்டையால் மூக்கைக் கட்டியிருந்தார்கள். வலது கையைப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டே போனான். பைக்குள் கை சூடாக இருந்தது, இன்னொரு கையும் உள்ளே இருப்பது போல.

நர்சுகளுக்குத் தொற்றுத் தடுப்புப் பயிற்சி கொடுப்பது அவன் வேலை. அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத பழைய ஸ்டோர் ரூம்தான் வகுப்பு. லோஷனைக் கையுறைமேல் தடவி, மாஸ்க், அங்கி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வான். பிறகு லைட்டை அணைத்து ஊதா விளக்கைப் பிடிப்பான். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத லோஷன் அதில் பச்சையாக ஒளிரும். ஒளிரும் இடமெல்லாம் நோய் ஒட்டிய இடம்.

அதற்கு முன் எப்போதும் ஒரு கதை சொல்வான். ஆகஸ்டில் அவன் மனைவி ஷோபா, இதே ஆஸ்பத்திரி நர்ஸ், மாடி ஐ.சி.யு.வில் அந்தக் காய்ச்சலில் போனாள். கிட்ட வராதீங்க, மத்தவங்களைப் பாருங்க என்பதுதான் அவள் கடைசி வார்த்தை என்பான். அதை அச்சடித்து எல்லா வாஷ்பேசினுக்கு மேலும் ஒட்டியிருந்தார்கள்.

வகுப்புக்கு முன் ஹெட் நர்ஸ் யசோதா அவனை வாசலில் நிறுத்தினாள்.

“ஆம்ப்ரோஸ், இன்னைக்காவது அந்தக் கதையை விட்டுடுப்பா. அன்னைக்கு அங்க நானும்தான் நின்னேன்.”

அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து ஆறு வாரமாக ஒரு நர்சுக்கும் காய்ச்சல் வரவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கே ஒருத்தி வெறுங்கையோடு நோயாளியைத் தொடுவாள் என்றான். லோஷன் டப்பாவை யசோதாவே திறந்து, வகுப்புக்கு வந்த ஆறு நர்சுகளின் கையுறையிலும் பூசினாள்.

அவன் கதையைச் சொன்னான். இரண்டு பேர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கிச் சட்டென்று இறக்கினார்கள். எல்லாம் கழற்றி முடிந்ததும் லைட்டை அணைத்தான். நர்ஸ் லாவண்யாவின் தாடையில் பச்சையாக ஒரு கீற்று. “மேக்கப் ஜோரா இருக்குடி” என்று இருட்டில் ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சார் எப்படி என்று பார்ப்போம் என்று லாவண்யா விளையாட்டாக விளக்கை வாங்கி அவன் பக்கம் திருப்பினாள்.

சிரிப்பு நின்றது.

சட்டைத் தோளில் ஒரு கை. கழுத்தில் ஒரு கை. கன்னத்தில் ஐந்து விரல். சின்ன விரல்கள். அவன் வலது கையைத் தூக்கினான். புறங்கையில் நாலு விரல் கோத்துப் பிடித்த தடம். அதில் ஒரு விரலின் தடத்தில் மட்டும் மோதிரம் அளவுக்கு ஒளி இல்லை. ஷோபாவின் வீங்கிய விரலிலிருந்து மோதிரம் வரவில்லை. அதோடுதான் புதைத்தார்கள்.

யசோதா சுவிட்சைத் தட்டினாள். டியூப் லைட் கண் சிமிட்டியது. பிடிக்கவில்லை. யாரோ கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவன் தடவித் தடவிக் கையுறை எடுத்தான். போட்டான். அதன்மேல் இன்னொன்று. லாவண்யா விளக்கை அவன் மேலேயே பிடித்திருந்தாள்.

ரப்பர் வாசனை. மூச்சுச் சத்தம். அவனுடையது. இன்னொன்று.

வலது மணிக்கட்டில் கையுறையின் ஓரம் எழும்பியது. கிள்ளியெடுத்தது போல. யாருடைய கையும் அங்கே இல்லை. அது மெல்ல இறங்கியது. உள்பக்கம் வெளியே வர. அவசரமில்லாமல். அவன் சொல்லிக்கொடுத்த அதே முறையில். முதலில் மேலே போட்டது. பிறகு அடியில் இருந்தது.

வெறும் விரல்களுக்கு இடையே ஏதோ சில்லென்று நுழைந்து இறுக்கியது.

“சொல்லிடுப்பா” என்றாள் யசோதா.

அன்று ஐ.சி.யு. கண்ணாடிக்கு வெளியே அவனிடம் படித்த நர்சுகள் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதனால் அவன் கையுறையைக் கழற்றவில்லை. ஷோபா மூச்சுக்கிடையே சொன்னது அவனுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

“ஏங்க, அந்த கிளவுஸைக் கழட்டிட்டுக் கையைப் புடிங்க. ஒரே ஒரு தடவை.”