அம்மா வைத்த வெள்ளைப் பொட்டு

படகு மூன்று முறை இருமியது. பிறகு 'டப்' என்று வெடித்தது. கரையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிப்போனது.

"நாயிக்கே பிடிக்கல," என்றார் அப்பா. "இன்னிக்குச் சரியாவலன்னா, நாளைக்கு மிஷினைக் கழட்டிக் காயலான் கடையில போட்டுடுவேன். கம்பெனி வேலைக்குப் போறேன்."

படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற எழில்மொழி மிஷினைப் பார்த்தாள். அது படகின் நடுவே மரப்பெட்டிக்குள் இருக்கும் பழைய பெட்ரோல் இன்ஜின். எண்ணூர் முகத்துவாரத்தில் அதன் சத்தம் கேட்டால் போதும், அப்பா வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

போன வாரம் அப்பா அதில் தேய்ந்துபோன ஒரு பாகத்தை மாற்றிப் பூட்டினார். அன்றிலிருந்துதான் இந்த இருமல்.

அம்மா கரையில் இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சப்போ நல்லாத்தானே ஓடிகினு இருந்துச்சு," என்றாள்.

"பொட்டாலதான் ஓடுதா? உன் வேலையைப் பாரும்மே."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ராயபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஜஸீமா வந்தாள். தன் அப்பாவைப் போல அவளும் மெக்கானிக்.

"அத்தா வரலியா?" என்று கேட்டார் அப்பா.

"அத்தாவுக்கு முட்டி வலி. ஏன், நான் வந்தா மிஷினு கோச்சுக்குமா?"

அப்பா நகர்ந்து வழி விட்டார். எழிலுக்கு அந்த அக்காவை உடனே பிடித்துவிட்டது.

"அதுக்கு இன்னா ஆச்சுக்கா?"

"பெட்ரோல் பத்திக்க ஒரு பொறி வரணும். கரெக்டான நேரத்துக்கு வரணும். முந்தினா உதைக்கும். பிந்தினா இருமும்."

"ஸ்கிப்பிங் மாதிரியா? நேரம் தப்பினா கயிறு கால்ல மாட்டுமே?"

"அதேதான்."

பொறி வரும் ஒவ்வொரு முறையும் மின்னும் டைமிங் லைட்டை ஜஸீமா எடுத்தாள். வெயிலில் அதன் வெளிச்சம் தெரியாது. அதனால் இன்ஜினை ஓடவிட்டு, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இருவரும் உள்ளே குனிந்தார்கள்.

விளக்கு விட்டு விட்டு மின்னியது. சுழன்றுகொண்டிருந்த சக்கரம் அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தது. அதன் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் இருந்த இரும்பு முள்ளுக்கு நேராக நின்றது.

"அடையாளம் முள்ளுக்கு நேரா, சரியாத்தான் கீது," என்றாள் ஜஸீமா. அவள் முகம் வாடியது. "அப்போ நேரம் தப்பல. மிஷினே தேஞ்சிடுச்சு போல."

எழில் அந்தப் புள்ளியையே பார்த்தாள். அதன் நடுவில் மெல்லிய கீறல் இருந்தது.

தார்ப்பாயைத் தூக்கிப் பெட்ரோல் டேங்கைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு வெள்ளைப் பொட்டு, அதே கீறலோடு. துடுப்பிலும் அப்படித்தான்.

அம்மாவின் மோதிர விரல் நுனியில் இறால் முள் கிழித்த தழும்பு உண்டு. சந்தனம் உப்புத் தண்ணீரில் நிற்காது என்று போன பூஜைக்கு அம்மா அந்த விரலால் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டுப் பொட்டு வைத்திருந்தாள்.

எழில் மறுபடி தார்ப்பாய்க்குள் புகுந்து ஜஸீமாவின் காதில் சொன்னாள். "அக்கா, இது மிஷினோட அடையாளம் இல்ல. எங்கம்மா வெச்ச பொட்டு. சத்தமா சொல்லாத, அம்மாவை நைனா திட்டும்."

ஜஸீமா அவளைப் பார்த்தாள். தலையாட்டிவிட்டு இன்ஜினை நிறுத்தினாள். பெட்ரோல் துணியால், பொட்டை மட்டும் விட்டுவிட்டு, சக்கரத்தின் விளிம்பைத் துடைத்தாள். எழில் விரலால் தடவிக்கொண்டே போனாள். பொட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளி அவள் நகம் எதிலோ மாட்டியது.

இரும்பில் வெட்டிய கோடு. அழுக்கு அதை மூடியிருந்தது.

ஜஸீமா கோட்டில் சாக்பீஸ் தடவினாள். இன்ஜினை ஓடவிட்டு, பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினாள். கோடு முள்ளுக்கு நேராக வந்தது.

இருமல் நின்றது. தடதடவென்று பழைய சத்தம் கேட்டது. நாய் திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

"இன்னா பண்ணே?" என்றார் அப்பா.

"கோடு அழுக்குல மூடிக்கினு இருந்துச்சு. உங்க பொண்ணு நகம்தான் கண்டுபிடிச்சுது."

ஜஸீமா பொட்டைத் துடைக்கத் துணியை எடுத்தாள். எழில் அவள் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் இரு அக்கா, வந்துடறேன்."

வீட்டுக்கு ஓடி, சிவப்பு நகப்பூச்சோடு வந்தாள். பொட்டின் மேல் கவனமாகத் தடவினாள். ஜஸீமா கோட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் இட்டாள்.

ஜஸீமா போனபின் அப்பா குனிந்து பார்த்தார். "இது இன்னா, ரெண்டு கலரு?"

"வெள்ளை மிஷினுது. சிவப்பு அம்மாது."

அப்பா சிவப்புப் பொட்டைப் பார்த்தார். டேங்கில் இருந்த பொட்டைப் பார்த்தார். போன வாரம் எந்தப் புள்ளியை அடையாளமாக வைத்து இன்ஜினைப் பூட்டினோம் என்று அவருக்கு நினைவு வந்தது. தலையைச் சொறிந்துகொண்டார்.

"இன்னாம்மே," என்று கரையைப் பார்த்துக் கூப்பிட்டார். "வா, ஒரு ரவுண்டு போலாம். அடுத்த பூஜைக்கு சிவப்பு பெயிண்டே வாங்கித் தர்றேன்."

"நான் ஏறினா மிஷினு இருமாதா?"

"இருமினா என்னைக் கேளு."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு ஏறினாள்.

முகத்துவாரம் வரை போய்த் திரும்பும்போது சத்தம் முன்னால் போய்க் கரையைத் தொட்டது. அங்கே நாய் மட்டும்தான் காத்திருந்தது. மற்ற எல்லோரும் படகில் இருந்தார்கள்.